எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஊர்க்கதைகளைத் திரட்டிக் கலைப்படைப்பாக வைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் ஒரு பேரூராட்சிக் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறார். அவர் போட்டிருக்கும் திட்டம் இது: ஊர்ப் பெரியவர்கள் ஐம்பது பேரிடம் கதை கேட்டுப் பதிவு செய்வது, அதில் பத்தைப் பொறுக்கி ஓர் ஓவியரிடம் கொடுப்பது, அவர் அதை நூலகத்தின் முன்சுவரில் வரைவது, நவம்பர் 14 அன்று நூலக வார விழா தொடங்கும்போது திறப்பு வைப்பது. எதில் ஆரம்பிக்கலாம், என்ன கருவி வாங்கலாம், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பவை அவர் கேள்விகள்.

நான் இந்த வேலையை இரண்டு ஊர்களில் செய்து பார்த்தவன். முதல் ஊரில் நாங்கள் போட்ட திட்டமும் அச்சு அசலாக இதுவேதான். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: ஆசை சரி, வரிசைதான் தலைகீழ். முதலில் கதை, கடைசியில் படம் என்று போனால் இரண்டுமே சப்பென்று இருக்கும். படத்தை முதலில் போடுங்கள். அரைகுறையாகப் போடுங்கள், தப்பும் தவறுமாகக்கூடப் போடுங்கள். கதை அப்புறம் தன்னால் வரும்.

முதல் ஊரில் நடந்ததைச் சொன்னால் புரியும். ஒலிப்பதிவுக் கருவியும் கேள்வித்தாளுமாக ஒரு பெரியவர் முன்னால் போய் உட்கார்ந்தோம். "ஐயா, நம்ம ஊரைப் பத்தி ஒரு கதை சொல்லுங்க" என்றோம். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், தொண்டையைச் செருமிக்கொண்டார், ஊருக்குப் பெயர் வந்த விதத்தைச் சொல்லத் தொடங்கினார். ராஜா வேட்டைக்கு வந்தார், தாகம் எடுத்தது, ஒரு கிழவி மோர் கொடுத்தாள். அடுத்த வீட்டுக்குப் போனோம். அதே ராஜா, அதே மோர். ஆறாவது வீட்டிலும் மோர்தான். கோயில் தலபுராணமும் பள்ளி ஆண்டுமலரும் கலந்து ஊறிய கதை அது. பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. கருவியை அணைத்துவிட்டோம், காபி வந்தது. அந்த வீட்டுப் பெரியவர் வாசலுக்கு வெளியே கையைக் காட்டி, "முதமுதல்ல டவுன் பஸ் அந்த வேப்பமரத்துக்கிட்டதான் வந்து நின்னுச்சு. எங்கம்மா டிரைவருக்குச் சூடம் காட்டித் திருஷ்டி கழிச்சாங்க" என்றார். நாங்கள் தேடிப்போனது அதுதான். அது பதிவில் இல்லை.

கதை சொல்லுங்கள் என்று கேட்டாலே நம் ஆட்கள் மேடை ஏறிவிடுவார்கள். வரலாறு என்று சொன்னால் இன்னும் மோசம், "அதெல்லாம் வாத்தியாரைக் கேளுங்க" என்று கைகாட்டிவிடுவார்கள். தன்னிடம் இருப்பது கதை என்றே தெரியாமல் வைத்திருப்பவரிடம் கதையைக் கேட்டு வாங்க முடியாது. நடுவில் ஒரு பொருளோ ஒரு இடமோ கைக்கு ஒரு வேலையோ வேண்டும்.

இரண்டாவது ஊரில் முதல் மூன்று வாரம் முறையான பதிவு என்று எதுவும் செய்யவில்லை. காடாத்துணி வாங்கி, பட்டைகளைச் சேர்த்துத் தைத்தோம். ஏறக்குறைய பத்தடிக்குப் பதினைந்தடி வந்தது. நூலகத்தில் செய்தித்தாள் மேசையைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுத் துணியைத் தரையில் விரித்து, அடுப்புக்கரியால் நாலே நாலு அடையாளம் போட்டோம்: பஸ் போகும் ரோடு, வாய்க்கால், கோயில், பள்ளிக்கூடம். வாய்க்காலை வேண்டுமென்றே கொஞ்சம் தப்பாக வளைத்துவிட்டோம். (இது நேர்மையில்லாத வேலை என்று ஒரு நண்பர் என்னைத் திட்டினார். திட்டட்டும்.)

மறுநாள் காலை பேப்பர் படிக்க வந்தவர்களில் ஒருவர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "யாருப்பா இதைப் போட்டது? வாய்க்கா இப்படியா போகுது?" செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துணிமேல் ஏறிவிட்டார். கரித்துண்டை வாங்கி வாய்க்காலைத் திருத்தினார், மதகைப் போட்டார், பக்கத்தில் ஒரு புளியமரம், அதற்குக் கீழே களம். இன்னொருவர் ஓரத்தில் நின்றபடியே, "மதகு அங்க இல்லண்ணே. நீங்க சொல்றது எழுபத்தேழு புயலுக்கு அப்புறம் கட்டினது. பழசு இன்னும் மேக்கால" என்றார். இவர் அப்படியில்லை என்றார், அவர் நான் பார்த்தேன் என்றார், புயலடித்த ராத்திரி யார் யார் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தார்கள், யாருடைய மாடு மறுநாள் எந்தக் கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்று ஒரு மணி நேரம் ஓடியது. நான் செய்ததெல்லாம் துணியின் மூலையில் போனை வைத்ததும் வாயை மூடிக்கொண்டு இருந்ததும்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, பேசியவர்கள் என்னிடம் பேசவில்லை, ஒருவரோடொருவர் பேசினார்கள். அமெரிக்காவில் இதையே பெரிய அளவில் ஒரு முறையாக ஆக்கியிருக்கிறார்கள். டேவ் ஐசே என்ற வானொலித் தயாரிப்பாளர் 2003 அக்டோபரில் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறையைத் திறந்தார். ஸ்டோரிகார்ப்ஸ் என்று பெயர். அம்மாவும் மகளும், பழைய நண்பர்கள் இருவர், அண்ணன் தம்பி என்று ஏற்கெனவே தெரிந்த இரண்டு பேர் உள்ளே போவார்கள். நாற்பது நிமிஷம். கூட இருக்கும் உதவியாளர் கருவியைப் பார்த்துக்கொள்வார், பேட்டி எடுக்க மாட்டார். முடிந்ததும் பேசியவர்கள் கையில் ஒரு பிரதி கிடைக்கும். அவர்கள் சம்மதித்தால் இன்னொரு பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டுப்புற வாழ்வு மையத்துக்குப் போகும். 2005 முதல் ஒரு வண்டியிலும் அறையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். இதில் ஒலிப்பதிவு அறையும் வண்டியும் நமக்கு வேண்டாம். தெரிந்த இருவரைச் சேர்த்து உட்கார வைப்பது, கருவிக்காரர் வாய் திறக்காமல் இருப்பது, பிரதியைக் கையோடு கொடுத்து அனுப்புவது என்ற மூன்றையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பேரனைக் கூட்டிவரச் சொன்னால் பாட்டி பேரனுக்குச் சொல்வாள். உங்களுக்குச் சொல்ல அவளுக்கு என்ன இருக்கிறது?

கைக்கு வேலை வேண்டும் என்றேனே, அதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மராட்டிய மாநிலத்தின் திருகைப் பாட்டுகள். விடியலில் தானியம் அரைக்க உட்காரும் பெண்கள் திருகையைச் சுற்றியபடியே பாடுவார்கள். மாமியார், புருஷன், அண்ணன் வீடு, சாமி, அம்பேத்கர் எல்லாம் அதில் வரும். மாவு மில் வந்ததும் திருகை மூலைக்குப் போனது, பாட்டும் கூடவே போகத் தொடங்கியது. ஹேமா ராய்ர்கர், கி புவாத்வான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முன்னின்று திரட்டிய அந்தப் பாட்டுகள் ஒரு லட்சத்துக்கும் மேல். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி என்ற ஊரக இந்தியாவுக்கான இணையக் களஞ்சியத்தில் இன்று அவற்றைக் கேட்கலாம், பாடியவர் பெயரும் ஊரும் சேர்த்தே போடுகிறார்கள். நம் பக்கம் நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் அப்படித்தான், வேலையோடு ஒட்டிக்கொண்டவை. நாற்காலியில் உட்கார வைத்து நடவுப் பாட்டைப் பாடச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் நினைவுக்கு வராது, குனிந்தால் வரும். ஒப்பாரி விஷயம் வேறு. வீட்டுக்குள் உட்கார்ந்து சும்மா ஒப்பாரி பாட யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வீட்டுக்கு ஆகாது என்பார்கள். கட்டாயப்படுத்தாதீர்கள். ஊர் எல்லை தாண்டி வாய்க்கால் கரையில் உட்கார்ந்தால் அவர்களாகவே பாடுவதும் உண்டு.

எங்கள் துணி வரைபடத்துக்கும் அப்படி ஒரு வேலை தானாகவே அமைந்தது. கரிக்கோடு பத்து நாளில் அழியத் தொடங்கியது. மேலே துணிச்சாயம் பூசலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகளிர் குழுவில் இருந்த ஒரு அக்கா, "சாயம் எதுக்குத் தம்பி, தைச்சுட்டாப் போச்சு" என்றார். அப்படித்தான் வாய்க்கால் நீல நூலில் சங்கிலித் தையலாக ஆனது. ரோடு, பழைய ரவிக்கைத் துணியில் வெட்டிய ஒட்டுப்பட்டை. மதியம் மூன்று மணிக்கு நாலு பேர் துணியைச் சுற்றி உட்கார்ந்தால், ஊசி ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும். இங்கே மருத்துவச்சி வீடு, இங்கே முதல் டிவி வந்த வீடு, இந்தத் திண்ணையில்தான் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். எங்களுக்குக் கிடைத்ததில் பாதிக்கு மேல் அந்த மதியங்களில் கிடைத்தவை.

தையலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதைப் பிரிக்கலாம். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட தன் தங்கையைப் பற்றி ஒருவர் சிரித்துச் சிரித்துச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு சின்ன சைக்கிளையும் தைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை நூலகம் திறக்கும் முன்னாலேயே வந்து நின்றார். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதை எடுத்துவிடு என்றார். பத்து நிமிஷத்தில் பிரித்துவிட்டோம், ஒலிப்பதிவையும் அவர் கண் முன்னாலேயே அழித்தோம். சுவரோவியமாக இருந்தால் என்ன செய்திருப்போம்?

சுவர் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சுவரைத்தான் நம்பியிருக்கிறீர்கள். முதல் ஊரில் ஓர் ஓவியர் பன்னிரண்டு நாள் வெயிலில் நின்று வரைந்தார். அழகான வேலை. முதல் மழையில் மாடித் தண்ணீர் கசிந்து ராஜாவின் குதிரை உப்பிக்கொண்டு வந்தது. மிச்சம் இருந்ததை, யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று முந்தின நாள் வெள்ளையடித்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியவில்லை, அடித்தவருக்கு அது வேலை. அரசுக் கட்டடச் சுவர் உங்களுடையது இல்லை. சுருட்டித் தூக்கிக்கொண்டு போகக்கூடிய எதுவும் அதைவிட நீண்டநாள் இருக்கும்.

தூக்கிக்கொண்டு போவதும் நல்லதுதான். நூலகத்துக்கு யார் வருகிறார்கள் என்று ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். காலையில் ஓய்வுபெற்ற ஆண்கள், பகலில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், சாயங்காலம் கொஞ்சம் குழந்தைகள். வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற பெண்களுக்கு அந்தப் படியேற நேரமும் இல்லை, பல இடங்களில் கூச்சமும் உண்டு. நூலகத்துக்குள்ளேயே காத்திருந்தால் ஊரில் ஒரு துண்டு மட்டும்தான் வரும். 1931இல் மன்னார்குடி மேலவாசலில் புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். அந்த வண்டி இருந்த நாட்டில் நாம் நாலு தெரு தாண்டத் துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளக் கூடாதா? நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் சாப்பாட்டு நேரத்துக்கு மரத்தடியில் விரித்தோம். ஒரே மதியத்தில் ஏழு கிணறு சேர்ந்தது, ஏழில் ஐந்து இன்று இல்லை.

இதைவிடச் சங்கடமான ஒன்று இரண்டாவது வாரத்தில் நடந்தது. ஏழாவது படிக்கும் ஒரு பெண் துணியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "எங்க தெரு எங்க சார்?" என்றாள். அவள் தெரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனி. எங்கள் துணி வாய்க்கால் கரையோடு முடிந்துவிட்டிருந்தது. யாரும் திட்டம் போட்டு அப்படிச் செய்யவில்லை. கோயிலை நடுவில் வைத்து வரைய ஆரம்பித்தோம், ஊர் என்றால் கையும் அந்தப் பக்கமே போயிருக்கிறது. அந்த மேற்குப் பக்கத்துக்கு மறுநாளே புதுத் துணி வாங்கி ஒட்டுப்போட்டுத் தைத்தோம். அப்புறம் துணியைக் காலனிக்கே எடுத்துப் போய் அங்கிருந்த சமுதாயக் கூடத்தில் விரித்தோம்.

அங்கே ஒரு பெரியவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், இப்போது செல்போன் கடை இருக்கும் இடத்தைப் பெருவிரலால் அழுத்தினார். அங்கே ஒரு டீக்கடை இருந்ததாம். தங்களுக்குக் கிளாஸ் கிடையாது, கொட்டாங்குச்சி என்றார். அதற்கு மேல் சொன்னதைப் பதிவு செய்ய வேண்டாம் என்றார், செய்யவில்லை. துணியில் என்ன போடலாம் என்று கேட்டோம். ஒரு கொட்டாங்குச்சி மட்டும் போதும், எழுத்து எதுவும் வேண்டாம் என்றார். அவர் மருமகள் பழுப்பு நூலில் அரை வட்டமாக அதைத் தைத்தார்.

துணி நூலகத்துக்குத் திரும்பி வந்ததும் ஒருவர் அதைக் கண்டுபிடித்து, "இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று கேட்டார். இந்த மாதிரிக் கேள்வி உங்களுக்கும் கட்டாயம் வரும். அப்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாக இருக்க வேண்டும், நூலகராக இருக்கக் கூடாது. அவர் அரசு ஊழியர், புகார் போனால் அவர் தலையில்தான் விடியும், இடமாற்றமும் வரலாம். ஆகையால் தொடங்கும் முன்பே அவரோடு உட்கார்ந்து இந்த மாதிரியெல்லாம் வரும் என்று பேசிவிடுங்கள். அவர் தயங்கினால் அந்தப் பகுதியை நூலகத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இருப்பதை மழுப்பி, எல்லோரும் ஒற்றுமையாகத் தேர் இழுத்த கதையை மட்டும் வைப்பது என்றால் மோர் கொடுத்த கிழவியே போதும், இவ்வளவு பாடு எதற்கு?

சம்மதம் வாங்குவதற்கு அச்சடித்த படிவம் நீட்டாதீர்கள். கையெழுத்து என்றாலே நிலப்பத்திரம் நினைவுக்கு வந்து பயப்படுவார்கள். பதிவின் தொடக்கத்தில் மூன்று கேள்விகளை வாயால் கேட்டு, பதிலையும் பதிவிலேயே வையுங்கள்: உங்கள் பெயரைப் போடலாமா, குரலை மற்றவர்கள் கேட்கலாமா, ஊருக்கு வெளியே இணையத்தில் போகலாமா. மூன்றுக்கும் தனித்தனிப் பதில் வரும். பெயரைப் போடு, குரல் வேண்டாம் என்பவர் உண்டு. குரல் இருக்கட்டும், பெயர் வேண்டாம் என்பவரும் உண்டு. விக்கிப்பீடியாவுக்கான படங்களையும் ஒலிகளையும் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றப்போகிறீர்கள் என்றால், யார் வேண்டுமானாலும் எடுத்து எதற்கும் பயன்படுத்தலாம் என்பதை அவர்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். "உங்க குரலை யாராவது சினிமாவுல போட்டாலும் நம்மளால கேட்க முடியாது" என்று சொன்னேன். அதற்கப்புறம் பாதிப்பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

கருவி பற்றிக் கேட்டீர்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். போனை ஏரோப்ளேன் முறையில் போட்டு, சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று செருகினால் போதும். வேவ் வடிவத்தில் ஒற்றைத் தடமாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்பி ஆகும், அந்த இடத்தை முன்கூட்டியே ஒழித்து வையுங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் பெரியவர்கள் வேர்த்துக்கொண்டு பேச்சை முடித்துவிடுவார்கள். விசிறி ஓடட்டும், மைக்கை வாய்க்கு நெருக்கமாக வையுங்கள். கோப்புக்கு அன்றைக்கே தேதி, பெயர், இடம் வைத்துப் பெயர் சூட்டிவிடுங்கள். "புதிய பதிவு 37" என்று விட்டுவிட்டு நான் பட்ட பாடு போதும். எழுத்தில் பெயர்ப்பதற்கு ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஒரு முழுநாள் பிடிக்கிறது. தானாக எழுதித் தரும் செயலிகள் இப்போது ஓரளவு உதவுகின்றன என்றாலும் வட்டார வழக்கு வந்ததும் குழம்பிவிடும். "வந்துச்சு" என்றால் வந்துச்சு என்றே எழுதுங்கள், இலக்கணப்படுத்த வேண்டாம்.

ஐம்பது பேர் என்ற எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் 2011இல் ஒரு நினைவுத் திட்டம் தொடங்கியபோது, 2015க்குள் 50 லட்சம் நினைவுகளைத் திரட்டுவது என்று இலக்கு வைத்தார்கள். அவர்களுக்கு ஆட்கள் உண்டு, பணம் உண்டு, 1979இலிருந்தே வாய்மொழி வரலாற்றுக்கென்று தனி அமைப்பும் உண்டு. நமக்கு ஒரு நூலகரும் நாலு வாசகர்களும். பதினைந்து பேர் நிதானமாகப் பேசினால் தாராளம்.

சரி, திரட்டியதை எங்கே வைப்பது? இங்கேதான் மற்ற இடங்களைவிட நூலகம் நமக்குக் கைகொடுக்கிறது. எங்கள் நூலகத்தில் பழைய அட்டைப் பட்டியல் பெட்டி ஒன்று தூசி படிந்து கிடந்தது. சின்னச் சின்ன இழுப்பறை, உள்ளே ஒரு கம்பி, அதில் கோத்த 12.5க்கு 7.5 செ.மீ. அட்டைகள். கணினி வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை. அதையே எடுத்துக்கொண்டோம். ஒரு கதைக்கு ஓர் அட்டை. புத்தக அட்டையில் ஆசிரியர் பெயர் வரும் மேல் வரியில் கதை சொன்னவர் பெயர். அதன் கீழே தலைப்பு, துணியில் எந்த இடம், ஒலிப்பதிவு எண். பின்பக்கம் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த ஒரு படம். பொருள் தலைப்புக்கு "நாட்டுப்புறவியல்", "சமூக வரலாறு" என்றெல்லாம் போட்டுக் கெடுக்கவில்லை. கிணறு, பஸ், சண்டை, பிள்ளைப்பேறு, பேய், கடன் என்று ஊர் பேசும் சொல்லாகவே போட்டோம். கடன் இழுப்பறைதான் சீக்கிரம் நிறைந்தது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக விதிகள் ஐந்தில் கடைசியானது, நூலகம் வளரும் உயிர் என்பது. புத்தகம் வாங்கி அடுக்குவதைத்தான் அதற்குப் பொருளாக நானும் நினைத்திருந்தேன். கைநாட்டு வைக்கும் ஒரு பாட்டியின் பேத்தி, அட்டையை இழுத்து, ஆசிரியர் இடத்தில் ஆயா பெயர் இருப்பதை அவருக்கு வாசித்துக் காட்டினாள். பாட்டி அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படத்துல மாட்டுக்குக் கொம்பு இல்ல" என்றார். கொம்பு வரைந்து கொடுத்தோம்.

பிரதி விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. 1981இல் மே மாதம் முடிந்து ஜூன் பிறக்கும் இரவில் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதுபோல் வேறெங்கும் படி இல்லாமல் போய்விடக் கூடாது என்ற தவிப்பும் சேர்ந்துதான் 2005இலிருந்து நூலகம் என்ற பெயரிலேயே இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் தன்னார்வலர்கள் மின்வடிவமாக்கி வருகிறார்கள், வாய்மொழி வரலாறுகளையும் பதிகிறார்கள். நமக்கு நெருப்பு வேண்டாம், ஒரு கரையானும் ஒரு கெட்டுப்போன பென்டிரைவும் போதும். நூலகக் கணினியில் ஒன்று, உங்கள் வீட்டில் ஒரு வன்தட்டில் ஒன்று, சொன்னவர் வீட்டுப் போனில் ஒன்று. துணியைப் பகுதி பகுதியாகப் படம் எடுத்துவையுங்கள்.

அனுமதி எளிதுதான். கிளை நூலகர் தானாகச் சரி சொல்ல முடியாது, மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். வாசகர் வட்டத்தின் பெயரில், என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை நாள், எந்த நேரம், நூலகத்துக்குச் செலவு இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி, கிளை நூலகர் வழியாகவே அனுப்புங்கள். மாவட்ட அலுவலரை நேரே போய்ப் பார்த்தால் கிளை நூலகருக்கு மனம் கோணும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி நம் வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். நாளைக் குறிக்கும்போது வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள், நாங்கள் மறந்துவிட்டு இருபது பேரை வாசலில் நிற்க வைத்தோம்.

நவம்பர் 14 திறப்பு விழாவை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைக்கு வேலை முடிந்திருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். பாதி தைத்த துணியையே விரித்து ஊசி நூலையும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ரிப்பன் வெட்ட வருபவரையும் அவர் வீடு இருந்த இடத்தில் ஒரு தையல் போடச் சொல்லலாம். எங்கள் ஊரில் அப்படி உட்கார்ந்தவர் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை, மாலையும் சால்வையும் நாற்காலியில் காத்துக் கிடந்தன.

அப்புறம் கடைக்குப் போகும்போது ஒன்று. காடாத்துணியைக் கணக்குக்கு மேல் இரண்டு மீட்டர் கூடுதலாக, ஒரே கட்டிலிருந்து வாங்கி, மொத்தமாக ஒரு தண்ணீர் அலசிக் காயவைத்துவிட்டுத் தையுங்கள். நாங்கள் மேற்குப் பக்கத்துக்கு அப்புறம் போய் வாங்கியது வேறு கட்டு. நிறம் ஒரு பொட்டு வெளுப்பு, முதல் துவையலில் அது மட்டும் சுருங்கியது, வாய்க்காலை ஒட்டி ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. எத்தனை முறை இஸ்திரி போட்டும் அது போகவில்லை.